கணையக் கல் உள்ள அப்பாவுக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ ரத்தப் பரிசோதனை செய்யலாமா?

நாஞ்சில்_மகள் | ஞாயிறு, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். இங்கே நான் எழுதுவது இதுவே முதல் முறை. நாகர்கோவிலுக்குப் பக்கத்து ஊர். அப்பாவுக்கு வயது 58. இருபத்தாறு வயதில் தொடங்கிய வயிற்றுவலி. பிறகு கணையம் முழுவதும் கல் என்றார்கள். முப்பத்தைந்துக்குள் சர்க்கரை நோயும் வந்துவிட்டது. வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. இன்சுலின் ஊசி, சாப்பாட்டோடு விழுங்கும் நொதி மாத்திரை, இவற்றோடு முப்பது ஆண்டுகளைக் கடத்திவிட்டார்.

போன வாரம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்து பேசினார். "மைக்ரோ ஆர்.என்.ஏ என்று புதிய பரிசோதனை வந்திருக்கிறது, கணையப் புற்றுநோயை அறிகுறி தெரிவதற்கு முன்பே காட்டிக்கொடுத்துவிடும், நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பு" என்றார். கட்டணம் 18 ஆயிரம் ரூபாய். கடன் வாங்கியாவது கட்டிவிடுவேன். முடிவு வந்தால் அதை நம்பலாமா என்பதுதான் என் கேள்வி. கணையக் கல் இருப்பவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று படித்த நாளிலிருந்து எனக்கு உறக்கம் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாவரவியல்_ஆசிரியர் | ஞாயிறு, இரவு 10.15

அம்மா, உங்கள் கேள்விக்கு விடை சொல்லும் தகுதி எனக்கில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் உயிரியல் நடத்தியவன். டி.என்.ஏ, அதிலிருந்து தூது ஆர்.என்.ஏ, அதிலிருந்து புரதம் என்று கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டுவிட்டுப் பாடத்தை முடித்துவிடுவேன். 2024இல் நோபல் பரிசு அறிவித்தபோதுதான் அந்தப் படத்தில் ஒரு கட்டம் விடுபட்டிருந்தது தெரிந்தது. இத்தனை சிறிய ஒன்று கணையப் புற்றுநோயில் என்ன செய்கிறது என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நானும் கற்றுக்கொள்வேன்.

நுண்ணிழை | திங்கள், காலை 6.50

சகோதரி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பணத்தைக் கட்டாதீர்கள், அப்பாவைப் பார்க்கும் குடலியல் மருத்துவரிடம் பேசும் வரையாவது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். என் முனைவர் பட்ட ஆய்வே இந்தத் துறையில்தான். ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

ஆசிரியர் ஐயாவின் மூன்று கட்டங்களில், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நிற்பது மைக்ரோ ஆர்.என்.ஏ. ஒரு தூது ஆர்.என்.ஏ எத்தனை முறை படிக்கப்படலாம், எப்போது சிதைக்கப்பட வேண்டும் என்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. பிறக்கும்போது அது நீளமானது, கொண்டை ஊசி போல மடிந்திருக்கும். உட்கருவுக்குள் ட்ரோஷா என்ற நொதி வெட்டியதும் 70 எழுத்து (ஆர்.என்.ஏ-வின் அடிப்படை அலகு) அளவுள்ள துண்டாகிறது. வெளியே வந்ததும் டைசர் என்ற இன்னொரு நொதி மறுபடி வெட்டுகிறது. மிஞ்சுவது ஏறக்குறைய 22 எழுத்து. அதை ஆர்கோநாட் என்ற புரதம் ஏந்திக்கொண்டு தூது ஆர்.என்.ஏ-க்களின் வால்பகுதியைத் தடவிப் பார்த்தபடி திரிகிறது. 22 எழுத்தும் பொருந்த வேண்டியதில்லை. 2ஆம் எழுத்திலிருந்து 8ஆம் எழுத்து வரை பொருந்தினாலே பெரும்பாலும் போதும். அந்தத் தூது அடங்கிவிடும். ஏழே எழுத்து என்பதால் ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொட முடியும். இதன் வலிமையும் தொல்லையும் இந்த ஏழு எழுத்தில்தான் இருக்கின்றன.

1993இல் விக்டர் அம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவரின் ஆய்வகங்களும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் லின்-4 என்ற முதல் மைக்ரோ ஆர்.என்.ஏ-வைப் பற்றி எழுதின. புழுவுக்கே உரிய விந்தை என்று பலரும் கடந்துபோனார்கள். 2000இல் ரவ்கன் ஆய்வகம் லெட்-7 என்ற இன்னொரு மைக்ரோ ஆர்.என்.ஏ-வைக் கண்டது; அது புழுவிலிருந்து மனிதர் வரை மாறாமல் இருந்தது. அப்போதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2002இல் கார்லோ குரோச்சேயின் குழு, நாட்பட்ட நிணநீர்செல் ரத்தப் புற்றுநோயில் அடிக்கடி அறுந்துபோகும் குரோமோசோம் துண்டில் மிர்-15, மிர்-16 என்ற இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ-க்கள் இருப்பதைக் காட்டியது. புற்றுநோய்க் கதை அங்கே தொடங்கியது.

இப்போது கணையம். கணையப் புற்றுநோய் என்று நாம் பொதுவாகச் சொல்வது கணையநீர் ஓடும் நாளங்களின் செல்களைப் போன்ற தோற்றத்தில் வளரும் புற்று. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் கேராஸ் என்ற மரபணு திரிந்திருக்கிறது. 'வளர்' என்ற கட்டளை அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. அதே கேராஸை அடக்கும் வேலையை லெட்-7 இயல்பாகச் செய்கிறது என்று 2005இல் ஃபிராங்க் ஸ்லாக்கின் குழு காட்டியது. கணையப் புற்றில் லெட்-7 குறைந்திருப்பதும் தெரியவந்தது. கதவு திறந்து கிடக்கிறது, காவலாளியும் இல்லை. அப்படியானால் காவலாளியைத் திருப்பி அனுப்பினால் போதுமே என்று யாருக்கும் தோன்றும். பிரான்ஸின் துலூஸ் நகரக் குழு அதைச் செய்து பார்த்தது. கிண்ணத்தில் வளர்த்த புற்றுச் செல்களில் லெட்-7ஐ ஏற்றியதும் வளர்ச்சி குறைந்தது. விலங்கில் வளர்ந்த கட்டியிலோ எதுவும் நிற்கவில்லை. 2009இல் அதை ஒளிக்காமல் தலைப்பிலேயே எழுதி வெளியிட்டார்கள். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் கட்டுரைகளில் அது ஒன்று.

எதிர்ப்பக்கத்தில் மிர்-21. கணையப் புற்றில் இது மிகுந்திருக்கிறது. பி-டென், பி.டி.சி.டி-4 போன்ற, புற்றை அடக்கும் மரபணுக்களையே இது அடக்கிவிடுகிறது. இத்தாலியிலும் நெதர்லாந்திலும் இருந்த குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஜெம்சிட்டபைன் என்ற வேதி மருந்து பெற்றவர்களில் மிர்-21 மிகுந்தவர்கள் குறைந்த காலமே வாழ்ந்தார்கள் என்று தெரிந்தது. மிர்-155 என்பதும் அப்படித்தான். பி53 என்ற, புற்றைத் தடுக்கும் புரதத்தின் வழியே செல் தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும் ஏற்பாட்டில் ஒரு கண்ணியை அது முடக்குகிறது.

நான் ஐந்து ஆண்டுகள் உட்கார்ந்தது மிர்-200 குடும்பத்தின் மேல். செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதா, பிடியை விட்டு ஊர்ந்து போவதா என்பதைத் தீர்மானிப்பதில் இதற்குப் பங்கு உண்டு. எதிராளி செப்1 என்ற புரதம். கிணற்று ஏற்றம் போல: மிர்-200 ஏறினால் செப்1 இறங்கும், செப்1 ஏறினால் மிர்-200 இறங்கும். ஜெர்மனியில் தாமஸ் பிராப்லெட்ஸின் குழு கணையப் புற்றுச் செல்களில் இந்த இருவழி அடக்குமுறையை விரிவாக வரைந்தது. செப்1 பக்கம் சாய்ந்த செல் ஊர்கிறது, பரவுகிறது, மருந்துக்கும் மசிவதில்லை. நுண்ணோக்கியில், ஓடு வேய்ந்தது போல அடுக்காக இருந்த செல்கள் மூன்று நாளில் நூல் நூலாகப் பிரிந்து நகர்வதை முதன்முதலில் பார்த்த இரவை நான் மறக்கவில்லை.

இவ்வளவும் உண்மை. சகோதரியின் வீட்டு வாசலில் நின்ற மனிதர் சொன்னதோ இதிலிருந்து வெகு தூரம்.

மெழுகுக்கட்டி | திங்கள், பிற்பகல் 2.05

நான் திசு நோயியல் மருத்துவர். அறுவைச் சிகிச்சையில் எடுத்த கட்டியை மெழுகில் பதித்து, சீவி, சாயமேற்றிப் பார்ப்பது என் வேலை. நுண்ணிழை சொன்னதற்கு மறுப்பில்லை. ஆனால் என் மேசையிலிருந்து பார்த்தால் ஒரு சங்கடம் கண்ணில் படுகிறது.

நலமான கணையத்தைச் சீவிப் பாருங்கள். பெரும்பகுதி நொதி சுரக்கும் செல்கள். நாளச் செல்கள் அங்கொன்றும் இங்கொன்றும். கணையப் புற்றைச் சீவிப் பாருங்கள். நொதிச் செல்கள் அழிந்துபோயிருக்கும், பெரும்பகுதி நார்த்திசு, அந்த நாருக்கு நடுவே புற்றுச் செல்கள் தீவுகளாக நிற்கும். இந்த இரண்டையும் அரைத்து ஆர்.என்.ஏ எடுத்து ஒப்பிட்டால் எது குறைந்திருக்கும்? மிர்-217, மிர்-216. ஏனென்றால் அவை நொதிச் செல்களுக்கு உரியவை. புற்றுச் செல் அவற்றை இழந்ததா, அவற்றை வைத்திருந்த செல்களே இல்லாமல் போய்விட்டனவா என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது. மிர்-21 மிகுவதும் அப்படித்தான். அதில் ஒரு பங்கு நார்த்திசுச் செல்களிலிருந்து வருகிறது.

நாட்பட்ட கணைய அழற்சியிலும் நொதிச் செல்கள் அழிகின்றன, நார் மண்டுகிறது. இந்தச் சகோதரியின் தந்தைக்கு முப்பது ஆண்டுகளாக நடப்பது அதுதான். ஆகவே "மாறியிருக்கிறது" என்ற முடிவு அவருக்குப் புற்று இல்லாமலேயே வரக்கூடும்.

ரத்தப் பரிசோதனைக்கு வருகிறேன். 2014இல் டென்மார்க்கிலிருந்து வந்த பெரிய ஆய்வைத்தான் பலரும் எடுத்துக்காட்டுகிறார்கள். 409 கணையப் புற்றுநோயாளர்கள், 312 நலமானவர்கள். முழு ரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ-க்களை அளந்து, நான்கு கொண்ட ஒரு தொகுப்பும் பத்து கொண்ட இன்னொன்றும் இரு சாராரையும் நன்றாகவே பிரிப்பதாகக் காட்டினார்கள். நேர்மையான ஆய்வு, இது தொடக்கநிலை முடிவு என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்த நான்கில் இரண்டைக் கவனியுங்கள்: மிர்-150, மிர்-223. முதலாவது நிணநீர்ச் செல்களில் நிறைந்தது, இரண்டாவது வெள்ளையணுக்களின் இன்னொரு வகையில் நிறைந்தது. அதாவது அளக்கப்பட்டது கணையத்தின் குரலா, நோயைக் கண்டு கலங்கிய ரத்தச் செல்களின் குரலா என்ற ஐயம் எழுகிறது. அந்த ஆய்வில் நாட்பட்ட கணைய அழற்சி உள்ளவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 25. இந்தச் சகோதரியின் தந்தை எந்த வரிசையில் நிற்கிறாரோ அந்த வரிசையில் வெறும் 25 பேர்.

இன்னொன்று, மிகச் சாதாரணமானது. ரத்தம் எடுக்கும்போது ஊசி சரியாக அமையாமல் சிவப்பணுக்கள் கொஞ்சம் உடைந்தாலே மிர்-16, மிர்-451 போன்றவை கொட்டி, ரத்த நீரின் அளவுகளைக் குழப்பிவிடும். நாகர்கோவிலில் எடுத்து, குளிர்ப்பெட்டியில் வைத்து, இரவு பஸ்ஸில் ஏற்றி, மறுநாள் வேறோர் ஊரில் பிரிக்கப்படும் குழாயை நினைத்துப் பாருங்கள்.

தஞ்சை_வடவாறு | திங்கள், இரவு 8.30

மன்னிக்க வேண்டும். இரண்டு பதிவுகளையும் படித்தேன். அறிவுக்குக் குறைவில்லை. என் மனைவியை இந்த நோய்க்குக் கொடுத்தவன் நான். முதுகுவலி என்று ஏழு மாதம் தைலம் தடவினோம். மஞ்சள் காமாலை வந்தபோது கல்லீரலுக்குப் பரவியிருந்தது. கண்டுபிடித்த நாளிலிருந்து நான்கு மாதம் இருபது நாள்.

"இன்னும் ஆய்வு தேவை" என்று நீங்கள் எழுதும்போது எங்களைப் போன்றவர்கள் எங்கே போவது? 18 ஆயிரம் ரூபாயில் ஆயிரத்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலும் நான் கட்டியிருப்பேன். தப்பான எச்சரிக்கை வந்தால் வந்துவிட்டுப் போகட்டுமே. ஒரு ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடாதா? தாமதம்தானே இந்த நோயில் கொல்கிறது?

நுண்ணிழை | திங்கள், இரவு 11.20

ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நெடுநேரம் எழுத முடியவில்லை. தாமதம் கொல்கிறது என்பதில் உங்களோடு முழுதும் உடன்படுகிறேன். 2022இல் மட்டும் உலகில் ஏறக்குறைய 5 லட்சத்து 11 ஆயிரம் பேருக்கு இந்த நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் 4 லட்சத்து 67 ஆயிரம் பேர் இறந்தார்கள். அமெரிக்காவில்கூட ஐந்து ஆண்டு உயிரோடிருப்பவர்கள் நூற்றுக்கு 13 பேர்தான். அறுவைச் சிகிச்சைக்கு உரிய கட்டத்தில் பிடித்தால்தான் வாய்ப்பு.

ஆனால் தப்பான எச்சரிக்கையைப் பற்றிச் சொன்னீர்களே, அங்கே என் கருத்து வேறு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐம்பது வயதைக் கடந்து புதிதாகச் சர்க்கரை நோய் வந்த ஆயிரம் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நடந்த ஆய்வின்படி, அவர்களில் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு மூன்று ஆண்டுகளுக்குள் கணையப் புற்று தெரியவரும். பொதுமக்களோடு ஒப்பிட்டால் இதுவே மிக அதிகம். இப்போது நூற்றுக்கு 90 சரியாகச் சொல்லும் ஒரு பரிசோதனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். எட்டில் ஏழு பேரைப் பிடிக்கும். நோயில்லாத 992 பேரில் 99 பேருக்கும் "இருக்கிறது" என்று சொல்லும். கையில் காகிதத்தோடு வரும் 106 பேரில் ஏழு பேருக்குத்தான் நோய். மற்ற 99 பேரின் வீடுகளிலும் அடுப்பு எரியாது.

ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும் என்கிறீர்கள். வேறு யாருக்காவது என்றால் பெரும்பாலும் தெரிந்துவிடும். முப்பது ஆண்டு அழற்சியில் கல்லும் நாரும் மண்டிய கணையத்தில் சிறு கட்டியைப் பிரித்தறிவது தேர்ந்த கண்ணுக்கே கடினம். ஊசி போட்டுத் திசு எடுத்தால் அதற்கும் ஆபத்து உண்டு. இதைவிட என்னை அதிகம் வருத்துவது எதிர்ப்பக்கம்: "இல்லை" என்று அந்தக் காகிதம் வந்துவிட்டால், அடுத்த மாதம் எடை குறையும்போதும் "போன மாதம்தானே பார்த்தோம்" என்று வீடு சும்மா இருந்துவிடும். நீங்கள் தைலம் தடவிய ஏழு மாதம் போன்ற இன்னொரு ஏழு மாதத்தை அந்தக் காகிதம் உண்டாக்கிவிடக் கூடாது.

மெழுகுக்கட்டி அம்மாவுக்கு: நீங்கள் சொன்ன "எந்தச் செல்லின் குரல்" என்ற ஐயம் எங்கள் துறையை உலுக்கியது. நல்ல எடுத்துக்காட்டு மிர்-143, மிர்-145 என்ற இரட்டை. திரிந்த கேராஸ் இந்த இரட்டையை அடக்கிவிடுகிறது, அது புற்றுக்குத் துணைபோகிறது என்று ஜோஷுவா மெண்டலின் ஆய்வகம் 2010இல் கணையப் புற்றுச் செல்களை வைத்துக் காட்டியது. 2014இல் அதே ஆய்வகம் எலியின் குடலை ஆராய்ந்து, அங்கே இந்த இரட்டை உள்படலச் செல்களில் இல்லை, அவற்றைத் தாங்கி நிற்கும் திசுவில்தான் இருக்கிறது என்று எழுதியது. குடல் புற்றில் இவை "குறைந்தன" என்று அதுவரை வந்த பல கட்டுரைகளை மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று. அதைச் சொல்ல அதே ஆய்வகமே முன்வந்தது. அறிவியலில் நான் கற்க விரும்பும் குணம் அது.

இருந்தாலும் மைக்ரோ ஆர்.என்.ஏ வெறும் நிழல் என்று விட்டுவிடவும் நான் தயாரில்லை. மிர்-21ஐ மட்டும் எலியில் மிகுத்தபோது நிணநீர்ப் புற்று வந்தது. அதை நிறுத்தியதும் கட்டி கரைந்துபோனது. 2010இல் ஸ்லாக்கின் குழுவே செய்த சோதனை. சில இடங்களில் காரணம், சில இடங்களில் வெறும் சாட்சி. எது எங்கே என்று பிரிப்பதற்குத்தான் வேலை நடக்கிறது.

மெழுகுக்கட்டி | செவ்வாய், காலை 7.10

சாட்சி என்ற சொல் பிடித்திருக்கிறது. ஏனென்றால் இந்தச் சாட்சி எளிதில் சாவதில்லை. கணையம் என்பதே ஆர்.என்.ஏ-வைச் செரிக்கும் நொதியின் கிடங்கு. ஆய்வகங்கள் பயன்படுத்தும் அந்த நொதி மாட்டுக் கணையத்திலிருந்துதான் பன்னெடுங்காலம் பிரித்தெடுக்கப்பட்டது. அறுவை அரங்கிலிருந்து என் மேசைக்கு வருவதற்குள் நீளமான ஆர்.என்.ஏ-க்கள் நொறுங்கிவிடும். மைக்ரோ ஆர்.என்.ஏ குட்டையாகவும் ஆர்கோநாட்டின் கைக்குள்ளும் இருப்பதால் தப்பிக்கிறது. ஆண்டுக்கணக்கில் அலமாரியில் இருந்த மெழுகுக் கட்டியிலிருந்தும் அதை எடுத்து அளக்கலாம். சாயமேற்றும் முறையால் அது எந்தச் செல்லில் இருக்கிறது என்றும் பார்க்கலாம். ஊசியில் வந்த சிறு துணுக்கு அழற்சியா புற்றா என்று நான் தடுமாறும் நாள்களில் துணைக்கு வரக்கூடிய கருவி இது என்று நம்புகிறேன். திசுவில் அதன் பயன் ரத்தத்தில் வரும் முன்பே கைகூடும் என்பது என் எண்ணம்.

தாவரவியல்_ஆசிரியர் | செவ்வாய், காலை 11.00

நேற்று இரவு என் பழைய பாடக் குறிப்பேட்டை எடுத்து நான்காவது கட்டத்தை வரைந்துவிட்டேன். ஒரு கேள்வி. லெட்-7 குறைந்தது, மிர்-34 என்று ஏதோ ஒன்றும் குறைகிறது என்று படித்தேன். கிண்ணத்தில் பலித்தது உடம்பில் ஏன் பலிக்கவில்லை? மருந்தாக்கும் முயற்சி எந்த அளவில் நிற்கிறது?

மருந்தாக்கி | செவ்வாய், இரவு 7.45

இது என் தொழில் என்பதால் நான் சொல்கிறேன் ஐயா. ஆர்.என்.ஏ மருந்துகளைக் கொழுப்புக் குமிழிகளில் அடைக்கும் பணியில் இருக்கிறேன்.

மிர்-34 என்பது பி53இன் கையாள். அதைச் செயற்கையாகச் செய்து கொழுப்புக் குமிழியில் அடைத்து, எம்.ஆர்.எக்ஸ்-34 என்ற பெயரில் டெக்சஸின் ஆஸ்டின் நகர நிறுவனம் ஒன்று 2013இல் மனிதர்களிடம் சோதனையைத் தொடங்கியது. புற்றுநோய்க்கு மைக்ரோ ஆர்.என்.ஏ-வைப் பதிலியாகக் கொடுத்த முதல் மனிதச் சோதனை அது. 85 பேர் மருந்து பெற்றார்கள். சிலருக்குக் கட்டி சுருங்கியது. ஆனால் கடுமையான நோயெதிர்ப்புக் கோளாறுகள் வந்து நான்கு பேர் இறந்தார்கள். 2016இல் சோதனை நிறுத்தப்பட்டது. அந்த அறிக்கையை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் நான்கு என்ற எண்ணைத் தாண்டிப் போக எனக்குச் சற்று நேரம் பிடிக்கிறது. நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொடும் ஒன்றை ரத்தத்தில் விட்டால் அது புற்றுச் செல்லுக்கு மட்டும் போவதில்லை. நோயெதிர்ப்புச் செல்களுக்கும் போகிறது.

அடுத்தது இடம். கல்லீரலுக்கு ஆர்.என்.ஏ மருந்து அனுப்புவது இப்போது கைவந்த கலை. 2018இல் முதல் குறுக்கீட்டு ஆர்.என்.ஏ (ஒரு மரபணுவை அடக்க நாம் எழுதும் ஆர்.என்.ஏ) மருந்து ஒப்புதல் பெற்றதும் கல்லீரலை நோக்கித்தான். கணையப் புற்றோ நார்க் கோட்டைக்குள் இருக்கிறது. மெழுகுக்கட்டி அம்மா சொன்ன அதே நார்தான். உள்ளே அழுத்தம் மிகுதி, ரத்த நாளங்கள் நசுங்கிக் கிடக்கின்றன. சிறு மூலக்கூறான ஜெம்சிட்டபைனே உள்ளே போகத் திணறுகிறது. அதைவிடப் பல மடங்கு பெரிய குமிழி என்ன செய்யும்?

அதனால் சிலர் ஊசியிலேயே கொண்டுபோய் வைத்தார்கள். இஸ்ரேலில் கேராஸின் ஜி12டி என்ற திரிபைக் குறிவைத்த குறுக்கீட்டு ஆர்.என்.ஏ-வை, மெல்லக் கரையும் சிறு குச்சி ஒன்றில் நிறைத்து, உள்நோக்கி (எண்டோஸ்கோப்) வழியாகக் கட்டிக்குள்ளேயே செருகினார்கள். 2015இல் 15 நோயாளிகளின் முடிவு வெளியானது. தாங்கிக்கொண்டார்கள், பலரிடம் கட்டி வளராமல் நின்றது. கூடவே வழக்கமான வேதி மருந்தும் கொடுத்திருந்ததால், நின்றதற்கு எது காரணம் என்று 15 பேரை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஹூஸ்டனில் ரகு கல்லூரி என்ற விஞ்ஞானியின் குழு வேறு வழியில் போனது. செல்கள் தாமாகவே வெளியிடும் நுண்குமிழிகளில் அதே ஜி12டிக்கு எதிரான ஆர்.என்.ஏ-வை ஏற்றி எலிகளுக்குக் கொடுத்தார்கள். 2017இல் வெளியான முடிவில் எலிகளின் ஆயுள் தெளிவாக நீண்டது. அதன் முதல் கட்ட மனிதச் சோதனையும் அங்கேயே தொடங்கியது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள் ஐயா. குறுக்கீட்டு ஆர்.என்.ஏ ஒரே ஒரு மரபணுவைக் குறிவைத்து நாம் எழுதுவது. மைக்ரோ ஆர்.என்.ஏ உடல் எழுதியது, பலவற்றைத் தொடுவது. என் கணிப்பில் கணையத்தில் முதலில் மருந்தாகப் போவது குறுக்கீட்டு வகைதான். மைக்ரோ ஆர்.என்.ஏ-வைத் தடுக்கும் மருந்துகள், மிர்-21க்கு எதிரானவை போன்றவை, அதற்குப் பின்னால் வரக்கூடும்.

நாஞ்சில்_மகள் | புதன், காலை 5.55

எல்லோருடைய பதிவையும் அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பாதி அவருக்கும் எனக்கும் புரியவில்லை. புரிந்த பாதி போதும். 25 பேர் என்ற இடத்தில் "மறுபடி படி" என்றார்.

தஞ்சை ஐயா, உங்கள் பதிவைப் படிக்கும்போது என் குரல் உடைந்துவிட்டது. அப்பாதான் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒன்று கேட்க வேண்டும். மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டதால்தான் இந்தக் கல் வந்தது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். ஆச்சி சாகும்வரை "நான்தான் கிழங்கைக் கொடுத்தே கெடுத்தேன்" என்று அழுதார். உண்மையா?

மெழுகுக்கட்டி | புதன், காலை 8.20

அந்தப் பழி ஆச்சிக்கு வேண்டாம். கேரளத்திலும் நம் தென்மாவட்டங்களிலும் மது தொடாத இளம் வயதினருக்குக் கணையக் கல் வருவதைக் கண்டு, கிழங்கின் சயனைடுதான் காரணம் என்று ஒரு காலத்தில் கருதினார்கள். அது நிறுவப்படவே இல்லை. கிழங்கே உண்ணாத பகுதிகளிலும் இந்த நோய் இருக்கிறது. பின்னால் வந்த மரபணு ஆய்வுகள், ஸ்பிங்க்-1 என்ற மரபணுவின் ஒரு திரிபு இந்திய நோயாளிகள் பலரிடம் இருப்பதைக் காட்டின. கணையத்துக்குள்ளேயே நொதி விழித்துக்கொள்ளாமல் காக்கும் புரதம் அதிலிருந்து வருகிறது.

புற்றுநோய் வாய்ப்பைப் பற்றி நீங்கள் படித்தது சரிதான். 1994இல் சென்னை நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு, இவ்வகைக் கணைய அழற்சி உள்ளவர்களுக்குப் பொதுமக்களை விடப் பல மடங்கு ஆபத்து என்று காட்டியது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. குடலியல் மருத்துவரிடம் போகும்போது இதைச் சொல்லியே கேளுங்கள்: கணையத்துக்கென்றே எடுக்கும் சி.டி. ஸ்கேன் வேண்டுமா, உள்நோக்கி வழி அல்ட்ராசவுண்ட் வேண்டுமா, பழைய படங்களோடு ஒப்பிட முடியுமா என்று. பழைய ஸ்கேன் படங்கள் எல்லாவற்றையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் அப்பாவின் கணையத்துக்கு நல்ல ஒப்பீடு அவருடைய பழைய கணையம்தான். சி.ஏ. 19-9 என்ற ரத்தப் பரிசோதனை பார்த்தால் அதையும் தனியாக நம்ப வேண்டாம். பித்தம் அடைத்தாலே அது ஏறும். ரத்தத்தில் லூயிஸ் வகைப் பொருள் இல்லாத சிலருக்கு, நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு, அது ஏறுவதே இல்லை.

வீட்டில் கவனிக்க வேண்டியவை: காரணமில்லாமல் எடை குறைவது, பழகிய வலி வேறு மாதிரியாக மாறுவது, கண் மஞ்சளாவது, கட்டுக்குள் இருந்த சர்க்கரை திடீரென்று தாறுமாறாகப் போவது. இவற்றில் ஒன்று வந்தாலும் அதே வாரம் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

தஞ்சை_வடவாறு | புதன், இரவு 9.15

நுண்ணிழை, காகிதத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு நாளாக யோசித்தேன். "இல்லை" என்று ஒரு காகிதம் அன்று எங்கள் கையில் இருந்திருந்தால் நான் இன்னும் நான்கு மாதம் தைலம் தடவியிருப்பேன் என்பது உண்மை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

அம்மா, மருத்துவரிடம் என்றைக்குப் போகிறீர்கள்? போய்வந்ததும் இங்கே எழுதுங்கள்.

நாஞ்சில்_மகள் | பதினேழு நாள் கழித்து, சனி, மாலை 6.30

போய்வந்தோம். பணம் கேட்டவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மருத்துவரிடம் 1998இலிருந்து வைத்திருந்த படங்களை எல்லாம் ஒரு மஞ்சள் பையில் கொண்டுபோனேன். வெளிச்சப் பெட்டியில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார். புதிதாக சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். தலைப்பகுதியில் ஓர் இடம் சந்தேகமாக இருக்கிறது என்று உள்நோக்கி வழியாகவும் பார்த்தார்கள். அது பழைய நார்த்திசுதான், கட்டியாகத் தெரியவில்லை என்று சொன்னார். ஆறு மாதத்தில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். நொதி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பே மொத்தமாக விழுங்காமல், சாப்பாட்டின் நடுவே பிரித்து எடுக்கச் சொன்னார். இத்தனை ஆண்டுகளாக இது எங்களுக்குத் தெரியாது.

மெழுகுக்கட்டி அம்மா சொன்ன நான்கு அறிகுறிகளையும் பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். எடை பார்க்கும் கருவி ஒன்று வாங்கினோம். அப்பா ஞாயிறுதோறும் காலையில் ஏறி நின்று, கிழித்த தினசரி நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைக்கிறார். முதல் வாரம் 54 கிலோ 200. போன ஞாயிறு 54 கிலோ 600.